கைநாட்டைக் காப்போம், கூலியைக் காப்போம்!

(நூற்பாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பகல் ஷிப்டு முடித்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வந்திருக்கிறீர்கள். களை எடுத்துவிட்டு, கால் சேறு காயுமுன் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம் பாட்டன்மார் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ ஐம்பது ரூபாய் வேண்டுமென்று லேவாதேவிக்காரரிடம் போவார்கள். அவர் ஒரு வெற்றுத்தாளை எடுத்துப் போடுவார். "இதிலே ஒரு கைநாட்டு வை" என்பார். எழுத்தறியாத மனிதர் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்திவிட்டு வருவார். ஐம்பது ஐந்நூறாகும். ஆடு போகும், மாடு போகும், இருந்த காணி நிலமும் போகும். கோர்ட்டுக்குப் போனால் ஒரே கேள்வி: "இது உன் ரேகைதானே?" ரேகை அவருடையதுதான். ஆனால் அதற்கு மேலே எழுதிய எழுத்து அவருடையதல்ல!

அந்த வெற்றுத்தாள் ஒழிந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஒழியவில்லை, தோழர்களே! இன்று அது நம் சட்டைப் பையிலும், தாய்மார்களின் சுருக்குப் பையிலும் செல்போன் உருவத்தில் இருக்கிறது. ஆதார் நம்பர், பாங்கிக் கணக்கு நம்பர், போனில் வந்து விழும் ஓ.டி.பி. நம்பர், பின் நம்பர், கட்டைவிரல் ரேகை — இவைதான் இன்றைய கைநாட்டு. இவற்றை அந்நியனிடம் கொடுப்பது வெற்றுத்தாளில் ரேகை வைப்பதற்குச் சமம். மேலே என்ன எழுதுவது என்பதை அவன் பார்த்துக்கொள்வான்.

"நம்மிடம் என்ன இருக்கிறது, திருடன் வருவதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நம்மிடம் இருப்பது மாதச் சம்பளம், வாரக் கூலி, பி.எப். பணம், மகளிர் குழுக் கடன் பணம். கோடீசுவரனுக்கு ஒரு லட்சம் போனால் அது ஒரு நாள் செலவு. நமக்குப் பத்தாயிரம் போனால் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. அதோடு, பணமே இல்லாதவனிடமும் திருடுவதற்கு ஒன்று இருக்கிறது. அது அவன் பெயர்! அதைப் பற்றியும் சொல்லப் போகிறோம்.

எப்படித் திருடுகிறார்கள்?

முதல் வழி, போன். "பாங்கியிலிருந்து பேசுகிறோம். உங்கள் கே.ஒய்.சி. முடியவில்லை. இன்று ராத்திரிக்குள் கணக்கை மூடிவிடுவோம்." அல்லது, "சர்க்கார் உதவித்தொகை வந்திருக்கிறது. இந்த நம்பரைச் சொன்னால் ஏறிவிடும்." ஒன்று பயம், இன்னொன்று ஆசை. இரண்டிலும் ஒரே அவசரம்: இப்போதே சொல், யாரையும் கேட்காதே! இப்படி அவசரப்படுத்துகிறவன் மோசக்காரன் என்று முடிவு கட்டுங்கள். எந்தப் பாங்கியும் போனில் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்பதில்லை. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டியதில்லை, கொடுப்பதற்குத்தான் வேண்டும். "உனக்குப் பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடு" என்கிறவன் நம் பையிலிருந்து எடுக்கிறான். போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி, "உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், போனை வைக்காதே" என்று மிரட்டுகிறார்கள். அப்படி ஒரு கைது இந்த நாட்டுச் சட்டத்தில் எங்கும் கிடையாது.

இரண்டாவது வழி, வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு. கல்யாணப் பத்திரிகை என்று வரும், வண்டி அபராதச் சீட்டு என்று வரும், விவசாயிகள் உதவித்தொகை என்றும் வரும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடியும். தொட்டு ஏற்றிவிட்டால், அது போனுக்குள் உட்கார்ந்துகொண்டு நமக்கு வரும் ஓ.டி.பி.யைத் திருடனுக்கு அனுப்பும். நாம் வாயைத் திறக்காமலே நம் கைநாட்டு போய்விடும்.

மூன்றாவது வழி, விரல் ரேகை. ஆதார் நம்பரும் கட்டைவிரலும் இருந்தால் போதும், கிராமத்திலேயே மிஷினில் பணம் எடுக்கலாம், ஓ.டி.பி. வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பாங்கிக்குப் பத்து மைல் நடக்க வேண்டிய விவசாயத் தொழிலாளிக்கு இது நல்ல வசதிதான். மறுக்கவில்லை. ஆனால் திருடனுக்கும் அதுவே வசதியாகிறது. தெலங்கானாவில் 2018-இல் ஒரு சிம் கார்டு வியாபாரி என்ன செய்தான் தெரியுமா? நிலப் பத்திரப் பதிவு இலாகாவின் இணையதளத்தில் கிடந்த பத்திரங்களிலிருந்து ஜனங்களின் ரேகையை எடுத்து, போலி ரேகைகள் செய்து, அவர்கள் பெயரில் சிம் கார்டுகளை ஓட்டினான். பிறகு பல மாநிலங்களில் இதே தந்திரத்தால் கணக்குகளிலிருந்து பணத்தையே எடுத்திருக்கிறார்கள். இன்னும் சுலபமான தந்திரமும் உண்டு. "ரேகை விழவில்லை, மறுபடி வை" என்று இரண்டு முறை வைக்கச் சொல்லி, இரண்டு முறை பணம் எடுத்துக்கொண்டு, ஒரு தடவைக்கான பணத்தைக் கையில் கொடுப்பது.

தாய்மார்களே, நாற்று நட்டு நட்டுத் தேய்ந்த உங்கள் விரலை ரேஷன் கடை மிஷின் சில நாள் ஏற்க மறுக்கிறது. "நாளைக்கு வா" என்கிறார்கள். அதே ரேகையை ஒரு திருடன் ரப்பரில் செய்து வைத்தால், பாங்கி மிஷின் ஏற்றுக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுக்கிறது! உண்மையான விரலுக்கு அரிசி இல்லை, போலி விரலுக்குப் பணம்! இந்த அவலத்தை என்னவென்று சொல்ல?

நான்காவது வழி, பெயரைத் திருடுவது. ஏதோ லோன் என்று ஆதார் ஜெராக்ஸ், பான் கார்டு ஜெராக்ஸ், போட்டோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். லோன் வராது. இரண்டு வருஷம் கழித்து, கூலி வேலை செய்கிறவர் வீட்டுக்குக் கோடிக் கணக்கில் ஜி.எஸ்.டி. பாக்கி என்று நோட்டீஸ் வரும். அவர் பெயரில் ஒரு கம்பெனியே நடந்திருக்கும்! இப்படிப்பட்ட செய்திகள் பத்திரிகைகளில் பல தடவை வந்துவிட்டன.

வாலிபத் தோழர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். "உன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் ஒரு மாதம் கொடு, ஐயாயிரம் தருகிறேன்" என்று மில் வாசலிலேயே ஆள் பிடிக்கிறார்கள். நம் வட்டாரத்தில் ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் ஒரு பையன் கொடுத்தான். வேறு யாரிடமோ திருடிய பணம் அவன் கணக்கு வழியாக ஓடியது. ஒரு நாள் கணக்கு முடங்கியது. சம்பளத்தை எடுக்க முடியவில்லை. அடுத்த வாரம் வெளி மாநிலப் போலீஸ் வந்து நின்றது. ஐயாயிரம் கொடுத்தவன் ஓடிவிட்டான். காகிதத்தில் இருப்பது பையனின் பெயர். அவன் இன்றைக்கும் வாய்தாவுக்கு அலைகிறான். கணக்கை வாடகைக்கு விடுகிறவன் திருட்டுக்குக் கதவு திறந்தவன் என்றே சட்டம் பார்க்கும். ஆகவே வேண்டாம், தம்பிகளே!

போனில் பேசுகிறவன் யார்?

இது சில்லறைத் திருட்டு அல்ல, தோழர்களே. 2024-ஆம் ஆண்டில் மட்டும் சைபர் மோசடிகளில் நாட்டு ஜனங்கள் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய சர்க்கார் 2025-இல் மக்களவையில் தெரிவித்தது. 2023-இல் இது சுமார் 7,465 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு! இது ஒரு பெரிய தொழிலாக நடக்கிறது. அதற்கு முதலாளி உண்டு, மேஸ்திரி உண்டு, ஷிப்டு உண்டு.

அங்கே வேலை செய்கிறவர்களில் பலர் யார்? கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய் அடைத்து வைக்கப்பட்ட வாலிபர்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டு மோசடி செய்ய வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. மியான்மரின் மியாவாடியில் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். ஏமாற்ற மறுத்தால் அடி, சோறு கிடையாது. ஆகவே, போனில் இனிக்க இனிக்கப் பேசுகிறவன் சில சமயம் நம்மைப் போல வேலை தேடிப் போய் மாட்டிக்கொண்ட ஒருவன். அதற்காக அவனிடம் ஓ.டி.பி. சொல்லிவிடக் கூடாது! ஆனால் வெளிநாட்டு வேலை என்று ஏஜெண்டு வந்தால், பதிவு பெற்றவர்தானா என்று விசாரிக்காமல் பிள்ளைகளை அனுப்பவும் கூடாது.

ஒரு சுயவிமர்சனம்

இனி நாம் சொல்லப்போவது நம் குற்றத்தை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆலையில் முப்பது வருஷம் சைடு ஓட்டிய ஒரு மூத்த தோழர். கிராஜுவிட்டிப் பணத்தை மகள் கல்யாணத்துக்கென்று பாங்கியில் போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் கே.ஒய்.சி. என்று போன் வந்தது. வந்த நம்பரைச் சொல்லிவிட்டார். அவன் அனுப்பிய ஏதோ ஒன்றைப் போனிலும் ஏற்றிவிட்டார். 48,000 ரூபாய் போனது. மறுநாள் காலையில் நம் ஆபீசுக்கு வந்தார். நாம் போனஸ் பேச்சுவார்த்தைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். நான்கு பேர் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னார். நாம் என்ன சொன்னோம் தெரியுமா?

"என்ன தோழர், தினம் பேப்பர் படிக்கிறவர் நீங்கள். நீங்களே ஓ.டி.பி.யைச் சொல்லலாமா?"

இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஆமாம் தோழர், தப்புத்தான்" என்றார் அவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாம் கணக்குக்குத் திரும்பிவிட்டோம்.

ஒன்பதாவது நாள் அவர் மனைவி வந்தார். "தம்பி, அவர் ஒரு வாரமா சரியாச் சாப்பிடலை. உங்ககிட்டே ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

அவர் வீட்டில் சொல்லவில்லை. பாங்கிக்கும் போகவில்லை. போனில் ஏற்றிய அந்தப் பூச்சி அப்படியே இருந்தது. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் மீதிப் பணமும் போயிருந்தது. அன்றைக்குத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு ஓடினோம். பாங்கி, போலீஸ், மனு, ரசீது எல்லாம் ஆயிற்று. திரும்பி வந்தது நாலாயிரத்துச் சொச்சம். மகள் கல்யாணம் தள்ளிப் போயிற்று. அவர் நம்மைக் குறைகூறவில்லை. இன்றும் பார்த்தால் "வாங்க தோழர்" என்றுதான் சொல்கிறார். அதுதான் நமக்குச் சுடுகிறது.

முதல் 48,000-ஐ எடுத்தவன் திருடன். மீதியை எடுக்க அவனுக்கு அவகாசம் கொடுத்தது யார்? நம் சிரிப்பு! ஏமாந்தவனைப் பார்த்துச் சிரித்தால் அவன் வாயை மூடிக்கொள்வான். அவன் வாயை மூடினால் திருடனுக்குக் கொண்டாட்டம். வெட்கம் என்பது திருடனின் இரண்டாவது கை, தோழர்களே. அந்தக் கையை ஒடிப்பது நம் பொறுப்பு.

பணம் போனால் என்ன செய்வது?

முதல் வேலை, 1930. இந்த நம்பரைப் போனில் எழுதினால் மட்டும் போதாது. வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். இது சைபர் மோசடிக்கென்று நாடு முழுவதற்கும் உள்ள உதவி எண். திருடிய பணம் உடனே அவன் கைக்குப் போய்விடுவதில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அங்கிருந்து மற்றொன்று என்று ஓடுகிறது. ஓடும்போதே சொன்னால், அது நிற்கும் கணக்கில் முடக்கி வைக்க வழி உண்டு. முதல் ஒரு மணி நேரம் தங்கம். மறுநாள் என்றால் செம்பு. ஒன்பதாம் நாள் என்றால் மண். பணம் போன நேரம், தொகை, வந்த மெசேஜ் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மெசேஜ்களை அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி.

இரண்டாவது, பாங்கி. போன் செய்து கணக்கையும் கார்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு நேரில் போய் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் பாங்கி வெளியிட்ட சுற்றறிக்கை என்ன சொன்னது? பாங்கியின் குறையால் பணம் போனால் நஷ்டம் பாங்கியுடையது. நம் தவறும் இல்லாமல், பாங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாமவன் கைவரிசையால் போனால், தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்கு நஷ்டம் இல்லை. நாமே நம்பரைச் சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது நம் நஷ்டம். புகாருக்குப் பின் போவது பாங்கியின் நஷ்டம். பார்த்தீர்களா? முதலில் தவறு செய்தவர்கூட, புகார் கொடுத்த நிமிஷத்திலிருந்து பாதுகாப்புக்கு உரியவராகிறார். நம் மூத்த தோழர் அந்தக் காலையிலேயே போயிருந்தால்! விதிகளை அவ்வப்போது திருத்துவார்கள். ஆனால் தாமதம் எந்த விதியிலும் நமக்கு அனுகூலமாக இருந்ததில்லை.

மூன்றாவது, போனில் புதிதாக ஏற்றியதை நீக்குங்கள். தெரியாவிட்டால் போனை அணைத்துவிட்டு, தெரிந்த வாலிபத் தோழரிடம் ஓடுங்கள்.

போகுமுன் காப்பது எப்படி?

ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தால், அதன் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறோம், எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் ஒன்றும் உண்டு. பல இடங்களில் அதுவே போதும். ஜெராக்ஸ் கடையில் வீணான பிரதியைக் கிழித்துப் போடாமல் வராதீர்கள்.

விரல் ரேகையைப் பூட்டி வைக்க ஆதார் செயலியிலும் இணையதளத்திலும் வழி இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பூட்டினால் ரேஷன் கடையிலும் ரேகை விழாது. வேண்டும்போது திறந்து, மறுபடி பூட்ட வேண்டும். மிஷினில் ரேகை வைத்துக் கூலி எடுக்கிற தாய்மார்கள் ஒவ்வொரு தடவையும் ரசீது கேளுங்கள். "மறுபடி வை" என்றால், "முதலில் விழாததற்குச் சீட்டைக் காட்டு" என்று கேளுங்கள். ஆதார் பற்றிய சந்தேகத்துக்கு 1947 என்ற எண்ணில் கேட்கலாம்.

நம் பெயரில் எத்தனை சிம் கார்டு ஓடுகிறது என்று மத்திய சர்க்காரின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். நம்முடையதல்லாதது இருந்தால் அங்கேயே அறிவிக்கலாம். மில் தோழர்கள் பி.எப். கணக்கின் ரகசியச் சொல்லையும் ஓ.டி.பி.யையும் யாரிடமும் சொல்லக் கூடாது. பணம் எடுத்துத் தருகிறேன் என்று வரும் புரோக்கரிடமும் கூடாது.

பொறுப்பு நமக்கு மட்டுமா?

இல்லை. "ஜாக்கிரதையாக இரு" என்று ஏழைக்கு உபதேசம் செய்துவிட்டு மற்றவர்கள் கைகழுவ முடியாது. 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமை. கர்நாடக ஹைக்கோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி முதுமையில் தொடுத்த வழக்கு அது. அந்த உரிமை மாளிகைக்கு மட்டுமல்ல, குடிசைக்கும் உண்டு. நம் விவரத்தை வாங்கி வைக்கிற ஆலை, காண்டிராக்டர், பாங்கி, சர்க்கார் இலாகா ஒவ்வொன்றும் அதைக் காக்கக் கடமைப்பட்டது. நம் ஆதார் நகல்கள் டீக்கடையில் வடை மடிக்கும் காகிதமாக வந்தால், கேட்க நமக்கு உரிமை உண்டு.

இந்தக் கூட்டத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. ஒவ்வொரு டிபார்ட்மெண்டிலும், ஒவ்வொரு தெருவிலும் போன் விஷயம் தெரிந்த ஒரு வாலிபர், ஒரு பெண் என்று இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். சங்க ஆபீசில் ராத்திரி பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டினாலும் எழுந்து 1930-ஐக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். முதலில் நாமே அதற்குப் பெயர் கொடுக்கிறோம். மூன்றாவது, ஏமாந்து வந்தவரிடம் யாரும் "ஏன் சொன்னாய்?" என்று கேட்கக் கூடாது. "எப்போது போனது?" என்று மட்டும் கேட்க வேண்டும்.

அந்த மூத்த தோழர் இதோ, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. "என் கதையைச் சொல்லுங்கள் தோழர், நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே கேட்டுக்கொண்டார். நாம் சிரித்த சிரிப்புக்கு இந்தக் கூட்டத்தின் முன்பு அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

தோழர்களே! பாட்டன் ஏமாந்தது தனியாகப் போனதால். நாம் தனியாகப் போக வேண்டாம். கைநாட்டு நம்முடையது; அதற்கு மேலே எழுதும் எழுத்தும் நம்முடையதாக இருக்கட்டும்!